தொலைத்தவர்கள் நடந்து வரும் தேரி

சிவந்தாவிளையில் மணல் நடக்கும். ஆடி மாதம் மேற்கே மலையிலிருந்து புறப்படுகிற காற்று, ஊரைச் சுற்றிக் கிடக்கும் செம்மணல் தேரியை ஒரு பக்கம் அள்ளி இன்னொரு பக்கம் கொட்டும். நேற்று மேடாக இருந்தது இன்று பள்ளமாகும், பள்ளத்தில் நின்ற பனை கழுத்துவரை புதைந்து ஓலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வேலி போட்டவன் வேலியைத் தேடுவான், ஆட்டைக் கட்டியவன் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு முளைக்குச்சியைத் தேடுவான். இப்படி ஒரு ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆச்சரியப்படுகிற பழக்கம் கொஞ்சம் குறைவு. அதனால்தான், எப்போதோ செத்துப்போனவர்கள் தாங்கள் தொலைத்த சாமானைக் கேட்டுத் தேரியைத் தாண்டி நடந்துவர ஆரம்பித்தபோது, ஊர் அவர்களிடம் முதலில் கேட்டது, நீங்க யார் வீட்டு ஆளு என்பதைத்தான்.

அது செல்வபாய் பஹ்ரைனிலிருந்து மிஷினோடு வந்து இறங்கிய வருஷம். அங்கே அவள் கவனித்துக்கொண்ட கிழவருக்குக் கடற்கரை மணலில் இரும்பையும் பொன்னையும் தேடித் திரிகிற கிறுக்கு உண்டு. தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து நடந்து அவளும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டாள். ஒரு நீளக் கம்பு, அதன் முனையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வளையம், காதில் மாட்ட ஒரு ஹெட்போன், அவ்வளவுதான் மிஷின். மணலுக்கு அடியில் இரும்பு கிடந்தால் மாடு உறுமுகிற மாதிரி சத்தம் வரும், செம்பும் பித்தளையும் கிடந்தால் யாரோ செருமுகிற மாதிரி, பொன் கிடந்தால் காதோரம் கொசு பாடுகிற மாதிரி. கிழவர் கண்ணை மூடியதும் அவருடைய பிள்ளைகள் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க, அவள் யோசிக்காமல் மிஷினைக் கேட்டாள். எதற்கு என்று சிவந்தாவிளையில் யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். அவள் அப்பா திருடன் இல்லை என்று காட்டத்தான் வந்திருக்கிறாள்.

அவள் அப்பா இசக்கிமுத்து பனையேறி. பெரிய வீட்டு விளையில் பனை ஏறிப் பதநீர் இறக்கி, காலையில் ஒரு கலயத்தைப் பெரிய வீட்டு அடுக்களையில் கொண்டுபோய் வைப்பார். அந்த வீட்டுச் சிவகாமி அம்மாளுக்குக் காதில் தோள்வரை தொங்குகிற பாம்படம். அந்த ஜோடியில் ஒன்று ஒருநாள் காணாமல் போயிற்று. தூங்கும்போது எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்றார் அம்மாள். அடுக்களைவரை வந்துபோகிற வெளியாள் இசக்கிமுத்து ஒருவர்தான். போதாததற்கு, அந்த வாரம் முழுக்க அவர் பித்துப் பிடித்தவர் மாதிரி தேரியைத் தோண்டிக்கொண்டிருந்ததை ஆடு மேய்த்தவர்கள் பார்த்திருந்தார்கள். அம்மாளின் மூத்த மகன் தவசிக்கனி ஊர்க்கூட்டம் கூட்டி, கோயில் முன்னால் சூடத்தை ஏற்றிவைத்து, என் கை அந்தப் பாம்படத்தில் படவில்லை என்று சத்தியம் பண்ணி அணை என்றார். சூடத்தை அணைத்துப் பொய்ச் சத்தியம் பண்ணியவன் குலம் விளங்காது என்பது அந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இசக்கிமுத்து எரிகிற சூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், கையை நீட்டவில்லை. சூடம் தானாக எரிந்து தீர்ந்தது, ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கலைந்தது. அதற்குப் பிறகு அவருக்கு ஏற ஒரு பனை கிடைக்கவில்லை. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு காங்கேயம் பக்கம் செங்கல் சூளைக்குப் போனார், அங்கேயே செத்தும் போனார். அன்றைக்குக் கூட்டத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்வபாய்க்கு, ஐம்பது வயதாகியும் சூடத்தின் வாசனை ஆகாது.

அந்தப் பாம்படம் தேரியில்தான் எங்கோ கிடக்கிறது, அந்த அம்மாளே எங்கேயாவது தவறவிட்டிருக்கும் என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அதில் அவளுக்குத் துளி சந்தேகம் கிடையாது. தவசிக்கனிக்கும் அவர் கட்சியில் துளி சந்தேகம் கிடையாது. ஊரே முதலாளி என்று கூப்பிடுகிற மனிதரை அவள் வந்த அன்றே அண்ணாச்சி என்று கூப்பிட்டாள், எழுபது வயதைத் தாண்டிய அவரும் அதை மென்று விழுங்கிக்கொண்டார். தேடு, நல்லாத் தேடு என்று மட்டும் சொன்னார்.

ஆனால் ஊர் அவளைத் தேரிக்குப் போக விட்டால்தானே. மண்ணுக்குள் கிடக்கிற தகட்டை மிஷின் காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வீடு கூப்பிட்டார்கள். சிவந்தாவிளையில் மாடு கறவை நின்றாலும், மருமகள் கோபித்துக்கொண்டு போனாலும், பரீட்சையில் பையன் கோட்டைவிட்டாலும், வாசல்படிக்கு அடியில் எவனோ மந்திரித்த செப்புத் தகட்டைப் புதைத்துவிட்டான் என்பதுதான் முடிவு. செல்வபாய் வாசல் வாசலாய்ப் போனாள், மாட்டுத் தொழுவத்தைப் பார்த்தாள், கிணற்றடியைப் பார்த்தாள். சோடா மூடி வந்தது, லாடம் வந்தது, மூக்குத்தித் திருகு வந்தது, யாரோ பால்பல் விழுந்த வயதில் விழுங்கிவிட்டதாக வீடே அழுது புரண்ட பித்தளைப் பொத்தான் வந்தது. ஒரு தகடுகூட வரவில்லை. ஊரில் ஒருத்தரும் ஒருத்தருக்கும் செய்வினை வைக்கவில்லை என்பது தெளிவானதும் சனங்களுக்குப் பெரிய ஏமாற்றம். நம்மைக் கெடுக்க வேண்டும் என்று நினைக்கிற அளவுக்கு யாரும் நம்மைப் பொருட்படுத்தவில்லையே என்று சில குடும்பங்கள் கொஞ்ச நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தன.

அதன்பிறகுதான் அவள் தேரியில் இறங்கினாள். முதலில் கிடைத்தது வெண்கலத்தில் ஒரு மாட்டுமணி. தோண்டி எடுத்துக் கழுவி வாசலில் காயவைத்தாள். மறுநாள் உச்சிப்பொழுதில் தேரி மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆள், கோவணமும் தலைப்பாகையுமாக, கையில் அறுந்த கயிற்றோடு இறங்கி வந்து, செவலைக் காளையோட மணி இங்க இருக்குன்னு கேள்விப்பட்டேன் என்றான். பக்கத்து வீட்டு ராசகிளி யார் வீட்டு ஆள் என்று விசாரித்தாள். அவன் சொன்ன பெயர்கள் அவள் மாமனாருடைய தாத்தாவுக்கும் முந்தியவை, ஆனாலும் வகையறா பிடிபட்டுவிட்டது. அப்படியென்றால் நீர் எனக்கு மாமா முறை என்று சொல்லி ஒரு செம்பு பதநீர் கொடுத்தாள். அவன் குடித்தான், மணியை ஆட்டிப் பார்த்தான், காளை அது பாட்டுக்கு அங்கேதான் நிற்கிறது, மணி இல்லாமல் நகரமாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டு மேடேறி மறைந்தான். அவன் கால் தடத்தைக் காற்று அடுத்த நிமிஷமே மூடிவிட்டது.

இப்படியே ஒவ்வொருவராக வந்தார்கள். பொருள் மண்ணுக்குள் கிடக்கும்வரை ஒருவரும் வருவதில்லை. வெயிலைப் பார்த்துவிட்டதென்றால் மறுநாள் உச்சிக்குச் சொந்தக்காரர் மேட்டில் நிற்பார். பொருளைத் தொலைத்த நாளில் எப்படி இருந்தார்களோ அந்த உருவம், ஆனால் அதற்குப் பிந்தி நடந்ததெல்லாம் நினைவிருக்கும். கால்மெட்டியைத் தொலைத்தவள் கல்யாணப் பெண்ணாகவே வந்தாள், தன் பேரனின் சாவைப் பற்றிப் பேசினாள். முழங்கால்வரை தோல்செருப்புப் போட்ட ஒல்லாந்துக்காரன் ஒருவன் ஒரு செப்புக்காசுக்காக வந்தான். பள்ளிக்கூட வாத்தியார் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தார், அவனுக்குப் புரியவில்லை, கடைசியில் இரண்டு பேரும் சைகையிலேயே வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை நாளில் இப்படி ஆள் வந்தால் அடுப்பு வேலை கெடுகிறது என்று பெண்கள் சலித்துக்கொண்டதால், ஊர்நல மன்றக் கொட்டகையில் ஒரு பெஞ்சும் ஒரு பானைத் தண்ணீரும் வைத்து, வருகிறவர்கள் அங்கே வந்து அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கண்டவன் வந்து கண்டதை வாங்கிப் போகக் கூடாது, பொருளை எப்படித் தொலைத்தேன் என்பதையும் ஊர் முன்னால் சொல்ல வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் தவசிக்கனி. தன் தாயார் என்றைக்காவது அந்தப் பெஞ்சில் வந்து உட்காருவார் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

அந்தக் கட்டுப்பாட்டால் ஊர்ச் சரித்திரத்துக்குக் கொஞ்சம் சேதாரம் ஆனது உண்மைதான். தேரியின் தெற்கு ஓரத்தில் பட்டாக்கத்தி சாமிக்கு ஒரு பீடம் உண்டு. கும்பினிப் பட்டாளத்தைத் தனியாக நின்று வெட்டிச் சாய்த்து அங்கேயே உயிர்விட்டவர் என்று வருஷா வருஷம் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும். பீடத்துக்குக் கொஞ்சம் தள்ளி மிஷின் உறுமி, துருவேறிய கத்தி ஒன்று வந்தது. மறுநாள் மீசை முளைத்தும் முளைக்காததுமாக ஒரு பையன் வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான். எப்படித் தொலைத்தாய் என்று கேட்டதற்கு, ஓடும்போது கனமாக இருந்தது, போட்டுவிட்டு ஓடினேன் என்றான். அப்புறம் எங்கே போனாய் என்று பூசாரி தழுதழுத்தார். காயல் பக்கம் போய் வெற்றிலைக் கடை வைத்துப் பதினோரு பிள்ளைகளைப் பெற்று வயசாகிச் செத்தேன் என்று பையன் வெட்கத்தோடு சொன்னான். ஊர் ஒரு வாரம் கூடிப் பேசியது. ஓடினவனும் நம்ம ஊர்க்காரன்தானே என்று முடிவாகி, அந்த வருஷக் கொடையை ஒரு குறைவும் இல்லாமல் நடத்தினார்கள். படையலில் ஒரு தட்டு வெற்றிலை மட்டும் கூடுதலாக வைத்தார்கள்.

பொருளைக் கொடுக்க மறுத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியவந்தது. காண்டிராக்டர் துரைப்பழம் தன் வீட்டுக்குத் தண்ணீர் வடிய வாறுகால் வெட்டும்போது கிடைத்த வெள்ளி அரைஞாணை மறைத்து வைத்துக்கொண்டார். சொந்தக்காரர் வந்தார், கேட்டார், இல்லை என்றதும் சரி என்று அவர் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கோபப்படவில்லை, பயமுறுத்தவில்லை. பிள்ளைகள் டிவி பார்த்தால் அவரும் பார்த்தார், காரம் கூடிவிட்டது என்று குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. துரைப்பழத்தின் மாமியாருக்கு அவரோடு பேச்சுத்துணை பழகிப்போய், அரைஞாணைக் கொடுத்து அனுப்பியபோது அந்த அம்மாள் அழுதாள். பொருள் கைக்குப் போகும்வரை ஆள் இருப்பார், கைக்குப் போனால் போய்விடுவார் என்பதை ஊர் அப்படித்தான் கற்றுக்கொண்டது.

செல்வபாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே தேடினாள். இப்போது அவளுக்கு முன்பைவிடத் தைரியம். பாம்படம் கிடைத்தால் சிவகாமி அம்மாளே வந்துவிடுவார், எங்கே எப்படித் தொலைத்தேன் என்று அவர் வாயாலேயே சொல்லுவார், அதற்கு மேல் எந்தச் சூடமும் வேண்டாம். தவசிக்கனியும் மாலை நேரங்களில் குடையை ஊன்றிக்கொண்டு தேரி ஓரம் வந்து நிற்பார். அம்மா வந்து சொல்லட்டும் என்பார். சொல்லட்டும் அண்ணாச்சி என்பாள் இவள். இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகக் காத்திருந்தார்கள், அதனால் நாளாவட்டத்தில் அவர்களுக்குள் ஒரு மரியாதைகூட வந்துவிட்டது. வெயில் அதிகமாக இருந்தால் அவர் அவளுக்கு இளநீர் அனுப்புவார்.

அடுத்த ஆடிக் காற்று ஊரின் கிழக்கு மேட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனது. நாற்பது வருஷமாக மணலுக்குள் நின்ற பனைகளின் அடிமூடு வெளியே தெரிந்தது. அதில் ஒரு பனையின் அடியில் வளையத்தை ஓட்டியபோது முதலில் யாரோ செருமினார்கள், செருமலுக்குள்ளே கொசு பாடியது. செல்வபாய் மிஷினைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே தோண்டினாள். பச்சைக் களிம்பேறிய பித்தளை மூக்குப்பொடி டப்பா வந்தது. திறந்தால், பழந்துணிக்குள் ஒற்றைப் பாம்படம், செய்த அன்று இருந்த மாதிரி மஞ்சளாக.

அன்றிரவு ஊரில் யாரும் சரியாகத் தூங்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் தவசிக்கனி தன் வீட்டிலிருந்து தாயாருடைய பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து கொட்டகையில் போடச் செய்தார், அதன்மேல் ஒரு பட்டுத்துண்டை விரித்தார். செல்வபாய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மகள் தர்ஷினி கல்லூரிக்குப் போகாமல் அவள் பக்கத்தில் நின்றாள். உச்சிப்பொழுது ஆயிற்று. மேட்டில் ஒரு தலை தெரிந்தது.

அது சிவகாமி அம்மாள் இல்லை. முட்டிக்கு மேல் ஏற்றிக் கட்டிய வேட்டி, தோளில் காலுக்கு மாட்டும் தளைநார், கையில் மரத்தில் சாத்தி ஏறும் முருக்குத்தடி, இடுப்பில் அரிவாள் இல்லாத வெறும் அரிவாள்பெட்டி. முப்பத்தைந்து வயது இசக்கிமுத்து மேட்டிலிருந்து இறங்கி, வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, நேராகக் கொட்டகையைப் பார்த்து வந்தார்.

தொலைத்தவர்தான் வருவார் என்பதை அதுவரை ஒருவரும் யோசித்துப் பார்த்ததில்லை. தொலைத்தவரும் சொந்தக்காரரும் ஒரே ஆளாகவே வந்துகொண்டிருந்ததால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். இப்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பாம்படத்தைத் தொலைத்தது இவர் என்றால், பாம்படம் இவர் கையில் இருந்திருக்கிறது. கூட்டம் செல்வபாயைப் பார்க்காமல் தரையைப் பார்த்தது. அவளுக்குக் காலின் கீழே மணல் நழுவியது. நாற்பது வருஷமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஒன்று கையைவிட்டுப் போகிறதே என்று டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டாள். தவசிக்கனி முகத்திலும் ஜெயித்த களை இல்லை. இனிமேல் கேட்க என்ன இருக்கிறது, கொடுத்து அனுப்புங்கள் என்றார் மெதுவாக.

செல்வபாய் எழுந்து நின்றாள். “நீங்க போட்ட கட்டுப்பாடுதான அண்ணாச்சி. எப்படித் தொலைச்சாருன்னு அவரு சொல்லணும். எங்க அய்யாவுக்கு மட்டும் என்ன தள்ளுபடி?”

இசக்கிமுத்து பிரம்பு நாற்காலியைப் பார்த்தார், அதில் உட்காரவில்லை, பெஞ்சிலும் உட்காரவில்லை. நின்றுகொண்டே, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னார். பெரிய வீட்டுப் பெண், தவசிக்கனியின் தங்கை பூரணம் ஒரு வலைக்காரரோடு அந்தோணியார்துறைக்குப் போய்விட்டது ஊருக்குத் தெரிந்த கதை. பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று அண்ணன்மார் கட்டளை. அவள் அங்கே பிள்ளைப்பேற்றில் படுத்திருக்கிறாள், கையில் ஒன்றும் இல்லை என்று சிவகாமி அம்மாளுக்குச் சேதி வந்தது. அம்மாள் ஒற்றைக் காதுப் பாம்படத்தைக் கழற்றி மூக்குப்பொடி டப்பாவில் வைத்து, பதநீர் கொண்டுவந்த இசக்கிமுத்துவிடம் கொடுத்து, விடிந்ததும் மகளிடம் சேர்க்கச் சொன்னார். குடிசைக்குக் கதவு இல்லை என்பதால் அவர் அன்றைக்கு அதைப் பனையடியில் புதைத்தார். ராத்திரி ஆடிக்காற்று அடித்தது. விடிந்து பார்த்தால் அங்கே பனையே இல்லை, மேடுதான் இருந்தது.

“அரிவாளால தோண்டுனேன். தோண்டத் தோண்ட அந்த அரிவாளையும் மணல் முழுங்கிட்டு. அப்புறம் கையால தோண்டுனேன்.” கையை விரித்துக் காட்டி, “கை படலன்னு சூடத்த அணைக்கச் சொன்னீய. கை பட்டுருக்கே, எப்படி அணைக்க?” என்றார்.

வாயைத் திறந்து இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அதற்குப் பதில் சொன்னது தவசிக்கனி. அவர் தாயாரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குச் சூடம் எரிந்தபோது சிவகாமி அம்மாள் கோயில் சுவருக்கு அந்தப் பக்கம் முக்காடிட்டு நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது. ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதற்குப் பிறகு சாகிறவரை அம்மா ஏன் பதநீரே குடிக்கவில்லை என்பதும் இப்போதுதான் விளங்கியது.

“சொல்லியிருந்தா நான் அரிவாள எடுத்துட்டு அந்தோணியார்துறைக்குப் போயிருப்பேன்” என்றார் தவசிக்கனி. “அம்மா பொருள் அனுப்புதான்னு தெரிஞ்சா, அந்தப் பிள்ளையையும் அவனையும் உயிரோட விட்டுருக்க மாட்டேன். அது இவருக்கும் தெரியும், எங்க அம்மாவுக்கும் தெரியும்.”

பிறகு அவர், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தன்னில் பாதி வயதுகூட இல்லாத பனையேறியின் முன்னால் கையைக் கூப்பினார். இசக்கிமுத்துவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மொதலாளி, கைய எறக்குங்க என்று இரண்டு தரம் சொன்னார். கூட்டத்தில் வயதானவர்கள் பலருக்கு அன்றைக்குத் தாங்களும் அந்தத் தீர்ப்பில் தலையாட்டியது ஞாபகம் வந்தது, மூக்கைச் சிந்தினார்கள். செல்வபாய் அழவில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் காது இரைந்தது. சொன்னேன்லா, சொன்னேன்லா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அப்போதுதான் இசக்கிமுத்து அவளை உற்றுப் பார்த்தார். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்து, நரையோடும் மூக்குக் கண்ணாடியோடும் நிற்கிற அந்தப் பெண்ணின் தலையில் கையை வைத்து, “என்ன பிள்ள, இவ்வளவு பெருசாயிட்ட” என்றார். அதற்குத்தான் அவள் அழுதாள்.

டப்பாவை அவள் இன்னும் கொடுத்திருக்கவில்லை. ராசகிளி அவள் காதோரம் குனிந்து, கொடுக்காதே, அரைஞாண்காரரை மாதிரி உங்கள் அய்யாவும் உன்னோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். செல்வபாய்க்கும் அந்த ஆசை முட்டிக்கொண்டு வந்தது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறாள், வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், பந்தலில் நிற்க அவள் பக்கத்து ஆண் என்று ஒருவர் கிடையாது. அவளுடைய கல்யாணத்துக்கே சூளைக்காரர்கள்தான் வந்து நின்றார்கள். அய்யா இருக்கட்டுமே. ஆனால் இசக்கிமுத்து பஸ் போகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது, அந்தப் பிள்ளை அங்கே காத்துக்கொண்டிருக்கும் என்றார். நாற்பது வருஷம் பிந்திப்போன ஒரு ஆளின் அவசரம் அவர் காலில் தெரிந்தது. மகளாகப் பிறந்தவள் அதற்கு மேல் எப்படி மறிப்பாள்? டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். கூட்டம் மேட்டைப் பார்த்தது. அவர் மேட்டுப் பக்கம் திரும்பவில்லை, மறையவும் இல்லை. துண்டில் டப்பாவை முடிந்துகொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பொருளைத் தன்னுடையது என்று அவர் நினைத்ததே இல்லையே, வாங்கியதும் போய்விடுவதற்கு.

அந்தோணியார்துறைக்கு மெயின் ரோடு வழியாக ஒரு பஸ் உண்டு, சீக்கிரம் போய்விடும். செல்வபாய் அதை விட்டுவிட்டு, விளை விளையாக நுழைந்து நின்று நின்று போகிற டவுன் பஸ்ஸில் அவரை ஏற்றினாள். ஜன்னலோரம் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்டக்டர் உங்க மகனுக்கும் சேர்த்தாம்மா என்றார், ஆமாம் என்று டிக்கெட் வாங்கினாள். பனை குறைந்துபோனதைப் பற்றி அவர் கேட்டார். பஹ்ரைனைப் பற்றி அவள் சொன்னாள். சூளையில் அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது அவள் கஞ்சி ஊட்டியது அவருக்கு நினைவிருந்தது, உப்பு கொஞ்சம் குறைவு என்றார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்றது, ஒவ்வொரு தடவையும் அவள் டிரைவரை வாழ்த்தினாள்.

பூரணம் வீட்டு வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. காக்காய் விரட்டிக்கொண்டிருந்த பூரணத்துக்கு, பெரும்பாலோர் அந்தக் காலத்திலேயே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாலும் தாய் பிடிவாதமாக வளர்த்துவிட்ட காது, தோள்வரை வெறுமையாகத் தொங்கியது. வந்த ஆளைப் பார்த்தாள். கையிலிருந்த மூக்குப்பொடி டப்பாவைப் பார்த்தாள். அங்கே கடலோரத்திலும் சனங்களுக்கு ஆச்சரியம் குறைவுதான் போலிருக்கிறது.

“உம்மகிட்ட குடுத்துவிட்டதா அம்மா சேதி சொல்லிவிட்டா” என்றாள். “நீரு வரல. எடுத்துட்டு ஓடிட்டீருன்னு நான் உம்மத் திட்டாத நாள் இல்ல.”

“மணல் மூடிட்டு தாயி” என்றார் இசக்கிமுத்து. “பிந்திட்டேன்.”

அவள் பாம்படத்தை வாங்கி, தாய் கழற்றியது எந்தக் காதிலிருந்து என்று கேட்டாள். இடது காது என்றார். இடது காதில் மாட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்தக் கனத்தை நிறுத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு பேருக்கும் தட்டில் சோறு போட்டாள். இசக்கிமுத்து மீன் குழம்பை ரசித்துச் சாப்பிட்டார், கையைக் கழுவினார், கடற்கரை மணலில் இறங்கினார். செல்வபாயும் கூடவே நடந்தாள். ஓரிடத்தில் அவர் நின்று, வெறும் அரிவாள்பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

“என் அரிவாளும் அங்கனதான் எங்கயோ கெடக்கு. அவசரமில்ல பிள்ள, மெதுவாத் தேடு” என்றார். பனையேறிகளுக்குச் சிரிப்பு உதட்டில் வராது, கண்ணில்தான் வரும். அவர் படகுகளுக்கு அந்தப் பக்கம் போனார், அவள் அங்கேயே நின்றாள், அலை வந்து தடத்தைத் துடைத்துக்கொண்டு போனது.

செல்வபாய் ஊருக்குத் திரும்பி, மிஷினுக்குப் புது பாட்டரி போட்டு, அந்தப் பனையைச் சுற்றித் தேடினாள். அதிக நாள் ஆகவில்லை. பனையிலிருந்து கூப்பிடு தூரத்தில், நல்ல ஆழத்தில், மாடு உறுமுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. ஹெட்போனைக் கழற்றி தர்ஷினியின் காதில் வைத்தாள். உறுமுவது உன் தாத்தா அரிவாள் என்றாள். மகள் மண்வெட்டியை எடுக்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

அந்த இடத்தில் இப்போது ஒரு பனங்கட்டை நட்டிருக்கிறது. மணல் மூடினால் தவசிக்கனி ஆள் அனுப்பி மணலைத் தள்ளிவிடுகிறார். கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்டது, பெண்ணின் தாத்தா இசக்கிமுத்துவின் பெயருக்கு முன்னால் அமரர் என்று போட வேண்டாம் என்று அச்சகத்தில் செல்வபாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மறுநாள் உச்சிக்கு அவர் வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டு, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் தோண்டுவதாக இருக்கிறாள். பந்தல் பிரிந்து, பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுவிட்டு, மறுவீடு முடிந்து, அதற்கப்புறம் ஆடிக் காற்றும் அடித்து ஓய்ந்தபிறகுதான் அரிவாளை அவர் கையில் கொடுப்பாள்.